மலிவு மாலத்தீவு

திண்டுக்கல் பக்கம்
12.11.2024

அன்பு அண்ணா,

முதலில் உடம்பு. எனக்கு இருமல் தவிர வேறொன்றும் இல்லை. பஞ்சுத் தூசிக்குள் எட்டு மாதம் நின்றால் இருமல் வராமல் பாட்டா வரும்? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நைனா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருகிறார்கள். எனக்குப் பின்னால் பெரிய வரிசை, பக்கத்தில் வார்டனின் காது. அதில் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். நீயும் கடிதமே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டல் டி.வி.யில் மாலத்தீவைக் காட்டினார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், வெள்ளை மணல், சூரியன் அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. என் பக்கத்துக் கட்டில் வித்யா தேனிக்காரி. "இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நாம செத்தாலும் போக முடியாதுடி" என்றாள். அரூரிலிருந்து வந்திருக்கிற வசந்தா கடலையே பார்த்ததில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்லயே தீவு இருக்கு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவுல மணல். காலையில கடல்லேர்ந்து ஏறுற சூரியன் சாயங்காலம் ஏரியில எறங்கும். நின்ன எடத்துலயே திரும்பிக்கினா போதும்" என்றேன். யாரும் நம்பவில்லை. இப்போது என்னைத் 'தீவு ராணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "ராணி, பக்கெட்ட நகத்துங்க." "ராணி, டாய்லெட்ட விட்டு வெளிய வாங்க."

பொங்கலுக்கு லீவு தருவார்கள். மூன்று பேரும் வருகிறோம். ரயிலில் ரிசர்வேஷன் எல்லாம் கிடையாது. புளிசோறு கட்டிக்கொள்வோம், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ், படுக்கை நம் வீட்டில். இதைவிட மலிவாக எவனும் தீவு பார்த்திருக்க மாட்டான். நீ எங்களைப் பாலம் தாண்டி மணல்திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும். நைனா இறால் தடவுவதையும் இவர்கள் பார்க்க வேண்டுமாம். வலை இல்லாமல் தூண்டில் இல்லாமல், வாயில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார் என்று சொன்னதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். வந்து பார்க்கட்டும்.

இந்த மில்லில் எல்லாருக்கும் கடைசி ஆள் நான். என் ஊரில் ஒரு நாள் இவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

பதிலை இழுக்காதே.

தங்கை
காவியா


தோணிரேவு
2.12.2024

காவியாவுக்கு,

அம்மா முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இதுவரை முழங்கால்தான் ஜெயிக்கிறது. நைனா நன்றாக இருக்கிறார். நானும் அப்படியே.

மழையில் பதில் தள்ளிப்போய்விட்டது. சொல்வதைக் கோபப்படாமல் கேள். இப்போது வராதீர்கள். வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மூன்று பெண்களை எங்கே படுக்கவைப்பது? கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று அளந்து எழுதிக்கொண்டு போனவர்கள் இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். கொசுவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திட்டில் பார்க்கவும் ஒன்றும் இல்லை, மணலும் பிளாஸ்டிக்கும்தான்.

அந்தப் பெண்களை மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போ. அதுவும் கடல்தான். ரயிலை விட்டு இறங்கினால் பஸ் இருக்கிறது.

நான் ஒரு வேலைக்குப் போகிறேன். திட்டுப் பக்கம்தான். பெரிய வேலை இல்லை.

இருமலுக்கு மில்லில் கொடுக்கிற மாத்திரையை மட்டும் நம்பாதே. மூக்கில் துணி கட்டிக்கொள்.

அண்ணன்
விமல்


திண்டுக்கல் பக்கம்
11.12.2024

அண்ணா,

நலம் விசாரிப்பை எல்லாம் அம்மாவுக்குச் சேர்த்துவிடு. உனக்குக் கிடையாது.

மெரினாவில் சூரியன் பஸ்ஸுக்குப் பின்னால் இறங்கும். அதைப் பார்க்கவா நாங்கள் ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டு வருவோம்? கொசு, கூரை, கக்கூஸ் என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறோம். நம் வீட்டைப் பார்த்து இவர்கள் பயந்துவிட மாட்டார்கள். வசந்தா வீட்டுக் கூரை இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிறதாம். "அப்ப நீ எனக்கு ஒரு பக்கம் மேல" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நீ காரணம் தேடித் தேடி எழுதியிருப்பது தெரிகிறது. நைனாவை மட்டும் மூன்றே சொல்லில் முடித்துவிட்டாய். அவர் ஏரிக்குப் போகிறாரா? உனக்கு என்ன வேலை? யாரிடம்?

ஒழுங்காகப் பதில் எழுது.

காவியா


தோணிரேவு
17.1.2025

காவியாவுக்கு,

பொங்கலுக்கு உங்களுக்கு லீவு இல்லையாமே. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் அழுதாயாம். ஆர்டர் வந்தால் பண்டிகை கிடையாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருகிறது. ஆர்டர் இல்லாத மாதம் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேள். கேட்டுவிடாதே, அனுப்பிவிடுவார்கள்.

கேட்டதற்குப் பதில். திட்டில் ஒரு கேம்ப் போட்டிருக்கிறார்கள். கேசவன் என்று ஒருத்தர், சென்னைக்காரர். மணலில் கூடாரம், கலர் பல்பு, ஊஞ்சல். நுழைகிற இடத்தில் ஒரு போர்டு: 'மாலத்தீவு போகக் காசு இல்லையா? மலிவு விலையில் மாலைச் சூரியன்!' சனி ஞாயிறு காரில் வந்து குவிகிறார்கள். பிளாஸ்டிக் பொறுக்குவது, தண்ணீர் கேன் தூக்குவது, கூடாரம் அடிப்பது எல்லாம் நான்.

மூங்கில் நட்டு நீலக் கயிறு கட்டி ஏரிக்குள்ளேயும் கொஞ்ச தூரம் வளைத்துவிட்டார்கள். நாம் இறால் தடவுகிற பள்ளம் கயிற்றுக்கு உள்ளே போய்விட்டது. யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்று கேட்டேன். "தம்பி, உனக்கு வேலை வேணுமா, பள்ளம் வேணுமா?" என்றார். பதினோராம் வகுப்போடு நின்றவனுக்கு இந்தக் கேள்வியில் எது சாய்ஸ் என்று தெரியாதா?

நைனா வேறு இடம் பார்த்துக்கொள்கிறார். ஏரி பெரியது.

பொங்கலன்று அம்மா உன் பங்கை எடுத்துவைத்தாள். நான்தான் தின்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

விமல்


திண்டுக்கல் பக்கம்
2.2.2025

அண்ணா,

அம்மா, நைனா, நீ எல்லாரும் நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு நிஜமாகவே கேட்கிறேன்.

வெளியிலிருந்து வேலைக்கு வருகிற அக்கா ஒருத்தர் தன் போனைக் கழிவறைக்குள் கொண்டுவந்து எங்களுக்கு வீடியோ காட்டுவார். நேற்று அதில் உன் கேம்ப் வந்தது. கலர் பல்பு, ஊஞ்சல், ஏரியில் சூரியன். வித்யா துள்ளிக் குதித்தாள். "ஏய் ராணி! நெசமாவே ஒனக்குத் தீவு இருக்குடி!" எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் ஒரு ஆள் வந்தார். கோவணம், கழுத்தில் சிப்பி மாலை, வாயில் பறி. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து தடவுகிறார். பின்னால் ஒரு குரல்: "வெளி உலகமே தெரியாத ஆதிவாசிகள் எப்படி வேட்டையாடுகிறார்கள் என்று பாருங்கள்." முகம் சரியாகத் தெரியவில்லை. முதுகு தெரிந்தது.

வித்யா சிரித்தாள். "கூடைய எப்படிக் கவ்விக்கிட்டு நிக்குது பாரேன், நாய்க்குட்டி மாதிரி." எல்லாரும் சிரித்தார்கள். "ஒங்க நைனாவும் இப்படித்தான் பிடிப்பாரா?" என்று வசந்தா கேட்டாள். "இல்ல, இது வேற ஆளுங்க" என்றேன்.

நைனாவைக் கோவணத்தில் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் டவுசர், தேர்தலுக்குக் கொடுத்த பனியன். சொல் அண்ணா. அது நைனாதானே?

காவியா


தோணிரேவு
25.2.2025

காவிக்கு அம்மா சொல்ல சுதா எழுதறது.

நான் நல்லா கீறேன். உன் இருமலு இன்னா ஆச்சு? மொளகு போட்டுக் கஷாயம் குடி. அங்க மொளகு குடுப்பாங்களான்னு சுதா கேக்குறா. பக்கத்து வூட்டுப் பொண்ணு, பன்னெண்டாவது படிக்குது, அதுக்கு எல்லாத்துலயும் கேள்வி.

உன் கடுதாசிய உங்கண்ணன் படிச்சுட்டு மடிச்சு கூரையில சொருவிட்டான். ரெண்டு நாளா சோறு எறங்கல அவனுக்கு. நான்தான் சுதாகிட்ட எடுத்துக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் எழுத மாட்டான். அதான் நான் சொல்றேன்.

ஆமா. அது உங்க நைனாதான்.

கயிறு கட்டுன அப்பறம் ரெண்டு மாசம் எங்க போயி தடவினாலும் கைக்கு வெறும் சேறுதான். மீன் புடிக்கிறவங்களுக்கு மொறை வெச்ச எடம் இருக்குது, படகு இருக்குது, சங்கம் இருக்குது. நமக்கு கைதான் இருக்குது. அப்ப அந்தக் கேசவன் வந்து கூப்ட்டாரு. நம்ம பள்ளத்துலயே தடவணும், ஆனா சாயங்காலம், ஜனங்க பாக்கறப்போ. புடிச்ச எறாலு கேம்ப்புக்கு. நமக்குக் கூலி. டவுசர் போட்டா ஜனங்களுக்குப் புடிக்காதாம். நான் ஒரு வாரம் சண்டை போட்டேன். "போடி, மானம் இன்னா துணியிலயா கீது"ன்னாரு. உள்ள ஜட்டி போட்டுக்கினு தான் போறாரு. இதையும் எழுதுன்னா சுதா சிரிக்கிறா.

நீ யாரையும் கூட்டிக்கினு வராத கண்ணு. வரணும்னா நீ மட்டும் வா.

அம்மா
காசியம்மாள்


தோணிரேவு
3.3.2025

காவியாவுக்கு,

அம்மா எழுதிவிட்டாளாம். நான் நலம். நைனாவும் நலம்; இந்த வார்த்தையை இனிமேல் நீ நம்ப மாட்டாய்.

அம்மாவுக்கும் தெரியாத மீதியை நான் சொல்கிறேன். "உங்க ஜனத்துல கையாலயே பிடிக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா, டூரிஸ்டுக்கு நல்லா இருக்கும்" என்று கேசவன் கேட்டபோது, "எங்க நைனா இருக்காரு" என்று சொன்னது நான். பெருமையாகத்தான் சொன்னேன். கோவணத்தை அப்புறம்தான் எடுத்து நீட்டினார்.

முதல் சனிக்கிழமை நைனா ரொம்ப நேரம் தடவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. மோட்டார் சத்தம், பாட்டு, பல்பு. இறால் அந்தப் பக்கம் வருமா? ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். "உங்க அப்பாவுக்கு வயசாயிடுச்சு தம்பி, வேற ஆள் பாரு" என்றார் கேசவன். நைனா காதில் விழும்படி சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து நான் பண்ணையிலிருந்து வளர்ப்பு இறாலைப் பக்கெட்டில் உயிரோடு வாங்கிக்கொண்டு வருகிறேன். பள்ளத்தில் வட்டமாக ஒரு வலையை நட்டு, நைனா வருவதற்கு முன்னால் அதற்குள் விட்டுவிடுகிறேன். நைனா தடவுகிறார், எடுக்கிறார், ஜனங்கள் கத்துகிறார்கள். ஒவ்வொரு இறாலையும் தூக்கிப் பிடித்துக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன். தன் கைக்கு இன்னும் வேலை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே. ஏரியில் பிடிக்கிறவருக்கு அவர் பெற்ற பிள்ளையே இறால் வாங்கிப் போடுகிறான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்?

கேசவனைத் திட்டலாம். கயிற்றைத் திட்டலாம். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான்.

விமல்


திண்டுக்கல் பக்கம்
20.3.2025

அண்ணா,

இருமல் குறைந்திருக்கிறது. சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி லீவு உறுதி.

நாங்கள் வருகிறோம், மூன்று பேரும். அம்மா சொன்னபடி தனியாக வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தனியாக வந்தால் 'வேற ஆளுங்க' என்று நான் சொன்னது அப்படியே நின்றுவிடும். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ரயிலில் வரும்போது இவர்களிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் நேரே வீட்டுக்கு வருவோம். கேம்ப்புக்குள் கால் வைக்க மாட்டோம். சூரியனைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்வோம்.

நைனாவிடம் ஒன்றும் சொல்லாதே. உன் பக்கெட்டைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

காவியா


தோணிரேவு
22.4.2025

காவியாவுக்கு,

மூவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இருமல்? இந்த இரண்டு கேள்வியோடு என் மரியாதை முடிந்தது.

ரயிலில் சொல்கிறேன் என்றாய். நேரே வீட்டுக்கு வருகிறேன் என்றாய். அந்திப் பொழுதில் நான் பக்கெட்டோடு தண்ணீருக்குள் நிற்கிறேன், நீ இரண்டு பெண்களோடு கேம்ப் வாசலில் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். வருகிறவர்களுக்கு மாலை போட வேண்டியது நைனாவின் வேலை. அந்தப் பெண்களுக்குப் போட்டார். உன் முறை வந்தது. "வாங்க மேடம்" என்று உனக்கும் போட்டார். எல்லாரிடமும் சொல்லச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அதே குரல், அதே குனிவு. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். நைனா தண்ணீரில் இறங்கி, பறியை வாயில் கவ்வி, குனிந்துவிட்டார். கேசவன் மைக்கில் ஆரம்பித்தார்: "இவங்களுக்கு வெளி உலகமே தெரியாது. தமிழ்கூட சரியா வராது." அப்போது நீ கூட்டத்தைத் தாண்டி ஓடி வந்தாய். "நைனா! நான் காவி நைனா! என்னப் பாத்து ஏன் நைனா மேடம்ன?" அதுவும் மைக் பக்கத்தில் நின்று கத்தினாய், ஏரி முழுக்கக் கேட்டது. ஒரு அம்மா இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று கைதட்டினாள். சுடிதார் போட்ட ஆதிவாசி மகளைப் பார்த்ததும் கண்ணாடி போட்ட ஒருத்தன் காசைத் திருப்பிக் கேட்டான். நைனா வாயில் பறியோடு, கையில் என் பண்ணை இறாலோடு, அப்படியே நின்றார்.

மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ அழுதுவிட்டு ரயில் ஏறிவிட்டாய். இங்கே அடுப்பு எரிய வேண்டும்.

நீ கத்தியிருக்கக் கூடாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பேசாமல் நின்றிருந்தாலும் உன்னை மன்னித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நீ போனதிலிருந்து நைனா ஒரு வார்த்தை பேசவில்லை.

விமல்


திண்டுக்கல் பக்கம்
4.5.2025

அண்ணா,

நீ திட்டினது சரி. வீட்டில் அரிசி இருக்கிறதா? இந்த மாதம் என் கைக்கு வருவது அப்படியே அம்மாவுக்கு வந்துவிடும்.

நடந்ததைச் சொல்கிறேன். ரயிலில் உட்கார இடமில்லை. இவர்கள் இரண்டு பேரும் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டு கடல் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். விழுப்புரத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன், செங்கல்பட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். வண்டி தாமதம். பழவேற்காட்டில் இறங்கும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. "வீட்டுக்கு அப்புறம் போகலாம்டி, சூரியன் போயிரும்" என்று வித்யா என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குத் தெரியாமல் மூவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறாள், அங்கே இருப்பதிலேயே மலிவான டிக்கெட். என் ஊரில் எனக்கு ஆச்சரியம் கொடுக்கிறாளாம்.

நைனா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. 'ஏன்டி வந்த' என்று கேட்டிருந்தால் பரவாயில்லை. மேடம் என்றார் அண்ணா. என்னை யாரோவாக ஆக்கினால்தான் எனக்கு நல்லது என்று என் நைனாவே நினைக்கிற மாதிரி நான் வாழ்ந்திருக்கிறேன்.

வீட்டில் சாப்பிட்டபோது நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் கிளம்பும்போதும் திரும்பவில்லை. காலைத் தொட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது வித்யா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை நான் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். விடிகிற நேரத்தில் சொன்னாள்: "எங்கப்பா காய்கறிக் கடை வச்சிருக்காருன்னு சொன்னேன்ல. மார்க்கெட்ல மூட்டை தூக்குறாரு. கீழ விழுந்ததைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டாருவாரு." அப்புறம், "நாய்க்குட்டின்னு சொன்னேன்ல, அதை ஒங்க நைனாகிட்ட சொல்லாத" என்றாள். வசந்தா ரயிலிலேயே மீதிப் புளிசோற்றைப் பிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் ஊட்டினாள்.

நாங்கள் பார்க்க வந்த சூரியனை மூவருமே பார்க்கவில்லை. அது எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

நைனா பேசினால் எனக்கு எழுது. என்ன பேசினாலும் எழுது. திட்டினாலும் எழுது.

காவியா


தோணிரேவு
25.5.2025

காவிக்கு நைனா சொல்றது, உங்கண்ணன் எழுதறான். நான் சொல்றத மாத்தாம எழுதுவேன்னு அவங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினுதான் ஆரம்பிக்கிறேன்.

ஒடம்பு தேவலாம். உங்கம்மா திட்ற சத்தம் நல்லா கீது, அதனால அவளும் தேவலாம். உனக்கு இருமலு நிக்கலன்னா அந்த மில்லு வேணாம், வந்துடு.

மேடம்னு கூப்ட்டதுக்கு மனசு ஒடைஞ்சு போயிட்டியாமே. பாலத்துப் பக்கம் மணல்ல நீ நடந்து வர்றப்பவே நான் பாத்துட்டேன். ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல சிரிச்சிக்கினு வந்த. மில்லுக்குப் போன அப்பறம் நீ அப்டி சிரிச்சு நான் பாக்கல. இந்தக் கோலத்துல நான் குறுக்க வந்து அதக் கெடுக்கணுமா? அதான் மேடம். உன்ன யாரோன்னு நெனைக்கல. பெத்தவனுக்கு அப்ப அதான் தோணுச்சு. தப்புன்னு நீ கத்துனப்பதான் தெரிஞ்சுது. அத்தனை ஜனத்துக்கு முன்னால நைனான்னு கூப்ட்ட பாரு, அன்னிக்கு ராத்திரி சொவுத்துப் பக்கம் திரும்பிக்கினேன்னா கோவத்துல இல்ல. மூஞ்சியக் காட்ட முடியல.

அப்பறம் ரெண்டு வாரம் வூட்லயே குந்திக்கினு இருந்தேன். ஒரு நாளு காலையில டவுசர மாட்டிக்கினு, பனியன் போட்டுக்கினு, பறிய எடுத்துக்கினு போனேன். கயித்தத் தூக்கிட்டு உள்ள எறங்கிட்டேன். ஏரிக்குக் கயிறு கட்ட அவன் யாரு? உங்கம்மா மொழங்காலத் திட்டிக்கினே பின்னால வந்தா. அவளப் பாத்துட்டு காலனிலேர்ந்து இன்னும் நாலு வூட்டு ஆளுங்க எறங்கிட்டாங்க. கேசவன் கரையில நின்னுக்கினு மைக்குல கத்துனான். கூடாரத்துல தூங்கிக்கினு இருந்த ஜனமெல்லாம் எழுந்து வந்து எங்களப் பாத்துச்சு. டிக்கெட்டு இல்லாம.

போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்கானாம். நாங்களும் தாசில்தாருக்கு எழுதிக் குடுத்திருக்கோம், சுதா எழுதிச்சு. நாளைக்கு இன்னா ஆவும்னு தெரியாது. காலையில பாட்டு இல்ல, பல்பு இல்ல, எறாலு வருது. தெனம் போறோம்.

அந்தப் பொண்ணுங்க ரெண்டையும் திரும்பக் கூட்டிக்கினு வா. சோறு போடாம அனுப்பிட்ட மாதிரி உங்கம்மா பொலம்பறா. சூரியன் எங்க போவப் போவுது, தெனம் அங்கதான் எறங்குது.

இன்னும் ஒண்ணு. இத எழுத உங்கண்ணன் முரண்டு புடிப்பான். அவன் பண்ணை எறால வாங்கியாந்து பள்ளத்துல வுட்டது எனக்கு மொத நாளே தெரியும். தொட்ட ஒடனே தெரிஞ்சு போச்சு. ஓடு மெத்துனு இருக்குது, மீசை ஒடைஞ்சு கெடக்குது, கைக்குப் பயப்பட மாட்டேங்குது. நானே தேடிப் புடிச்ச மாதிரி ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டினேன். எதுக்கு? எனக்கு வயசாயிடுச்சுன்னு அந்த ஆளு சொன்னப்ப உங்கண்ணன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். எனக்காவப் பண்றான், அது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்தப் புள்ள இன்னாவான்? அதான் வாயத் தொறக்கல.

காவியா, இது நான், விமல். கடைசியில் சொன்னதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டேன். "எழுதுடா. நீ எழுதலன்னா சுதாவக் கூப்டுவேன்" என்றார். எழுதிவிட்டேன்.

"எந்த வரிடா?" என்று கேட்டார். காட்டினேன். அந்த வரியின் மேல் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"ஈரமா கீது" என்றார். "காயட்டும். அப்பறம் மடி."